35 லீற்றர் மின்சார அவனும் உள்ளே போகாத தட்டும்

மின்சார அவன் (சுடும் அடுப்பு) வாங்கப் போன கடையில் நின்ற தம்பி "அக்கா, இது 35 லீற்றர், முழுக் கோழியையே உள்ளுக்கு வைச்சுச் சுத்த விடலாம்" என்று சொன்னபோதே நான் கேட்டிருக்க வேண்டும், எனக்குக் கோழி வேண்டாம் தம்பி, கைபிடியோடு 38 சென்ரிமீற்றர் நீளமான கண்ணாடித் தட்டு ஒன்று இருக்கிறது, அது உள்ளே போகுமா என்று. கேட்கவில்லை. 28,500 ரூபாயை எண்ணிக் கொடுத்து, பெட்டியை வவுனியாவில் பஸ் ஏற்றி, முள்ளியவளை வரைக்கும் பிள்ளையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு வந்து, வீட்டில் பிரித்துத் தட்டை வைத்துப் பார்த்தபோதுதான் கதவு மூடாது என்று தெரிந்தது. நேராகவும் வைத்துப் பார்த்தேன், குறுக்காகவும் வைத்துப் பார்த்தேன், சரித்தும் பார்த்தேன். அம்மா குசினி வாசலில் நின்று ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் பரவாயில்லை.

எந்தக் கம்பனி என்று எழுதவில்லை. ஏனென்றால் இந்த அளவில், இந்த விலையில் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் மின்சார அவன்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பெட்டிதான், முன்னால் ஒட்டியிருக்கும் பெயர்தான் வேறு. எட்டு மாதமாகப் பாவிக்கிறேன். கேக் இரண்டு தடவை, பாண் ஒரு தடவை (அதைப் பற்றிப் பேச வேண்டாம்), மற்றதெல்லாம் ஒரே சாப்பாடுதான்: மரக்கறியை அவித்து, வெள்ளைச் சோஸ் ஊற்றி, மேலே சீஸ் தூவிச் சுடுவது. அதற்காகத்தான் வாங்கினேன், அதனால் இந்த விமர்சனமும் அந்த ஒரு வேலைக்கு இது சரிவருமா இல்லையா என்பதைப் பற்றித்தான்.

சுவிஸில் இருக்கும் அக்கா இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு வருவார். பிள்ளைகள் இரண்டும் நம்முடைய சோறு கறியை மூன்று நாள் ஆசையாகச் சாப்பிடும், நான்காம் நாள் உறைப்புத் தாங்காமல் பாணும் வாழைப்பழமும் கேட்கத் தொடங்கும். அங்கே வீட்டில் வாரத்துக்கு ஒரு தடவையாவது 'கிராத்தான்' செய்வார்களாம், பெரிய தட்டோடு மேசை நடுவில் வைத்து ஆளுக்கு ஆள் அகப்பையால் அள்ளிக்கொள்வது. போன தடவை அக்கா அந்தக் கண்ணாடித் தட்டைத் துவாயில் சுற்றிப் பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து "நீயும் ஒருக்கால் செய்து பார், அயலட்டைக்கும் குடுக்கலாம்" என்று தந்துவிட்டுப் போனார். தட்டு இருந்தது, அவன் இல்லை. பிறகு அவன் வந்தது, தட்டு போகவில்லை.

அம்மா இந்தச் சாப்பாட்டை முதல் தடவை பார்த்தபோது சொன்னது இதுதான்: "என்ன பிள்ளை, சொதியை வைச்சுச் சுட்டிருக்கிறாய்?" யோசித்துப் பார்த்தால் பிழையில்லை. பால், கொஞ்சம் மிளகு, அவித்த மரக்கறி. சொதிக்கு மா போட்டு இறுக்கி மேலே கருக விட்டால் கிராத்தான்தான். எங்கள் வீட்டில் இப்போது அதன் பெயர் சுட்ட சொதி.

சரி, லீற்றர் விஷயத்துக்கு வருகிறேன். அவனின் உள்ளளவை அளந்து பார்த்தேன்: அகலம் 34, ஆழம் 31, உயரம் 33 சென்ரிமீற்றர். பெருக்கினால் 34,782 கன சென்ரிமீற்றர், அதாவது 34.8 லீற்றர். கம்பனி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 33 உயரம் நமக்கு எதற்கு? கோழியைக் கம்பியில் குத்திச் சுற்ற விடுபவருக்கு உயரம் வேண்டும். தட்டில் பரப்பிச் சுடுபவருக்கு வேண்டியது தரைதான். கீழும் மேலும் இருக்கும் சூட்டுக் கம்பிகளுக்கு விட்டுக்கொடுத்துப் பார்த்தால் உயரத்திலும் 22 சென்ரிமீற்றர்தான் மிஞ்சும், நம் தட்டோ 6 சென்ரிமீற்றர் உயரம். மிச்சமெல்லாம் சும்மா சூடாகும் காற்று. உள்ளே இருக்கும் கம்பித் தட்டு 33க்கு 29, அதில் கைபிடி இல்லாத 28க்கு 20 தட்டு ஒன்று தாராளமாக உட்காரும், அது ஆறு பேருக்குக் காணும். அக்கா தந்த தட்டு பத்துப் பேருக்கு. இந்த நான்கு பேர் வித்தியாசத்தைப் பெட்டிக்கு வெளியில் ஒட்டியிருக்கும் லீற்றர்க் கணக்கு சொல்லாது.

அடுத்தது பிளக். இதைக் கட்டாயம் வாசியுங்கள், மற்றதை வாசிக்காவிட்டாலும். அவன் 1600 வோற். 230 வோல்ற்றுக்கு ஏறக்குறைய 7 அம்பியர் இழுக்கும். நம் வீடுகளில் பாதி இடத்தில் இருப்பது பல்புக்கும் ரேடியோவுக்கும் போட்ட 5 அம்பியர் உருண்டைத் துளை சொக்கற். அதற்குள் அடப்டர் ஒன்றைச் செருகி, அதிலிருந்து ஒரு நீட்டு வயரையும் இழுத்து அவனைப் போட்டால், வயர் சூடாகி இளகும். நான் முதல் நாள் அதைத்தான் செய்தேன். இருபது நிமிடத்தில் இறப்பர் மணம், தொட்டால் வயர் பாம்பு போலக் குழைகிறது. பிறகு வயரிங் செய்யும் பெடியனைக் கூப்பிட்டு, மீற்றர்ப் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து, எர்த்தும் சேர்த்து, 13 அம்பியர் சொக்கற் ஒன்று குசினியில் போட்டேன். அதற்குச் செலவான காசையும் அவனின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

சொக்கற் சரியான பிறகும் ஒரு பிரச்சினை. பகல் பதினொரு மணிக்குச் சூடாக்கினால் பன்னிரண்டு நிமிடத்தில் தயார். இரவு ஏழு மணிக்கு அதே அவன், அதே திருகு, இருபது நிமிடம் தாண்டியும் மேல் கம்பி சிவக்காமல் சோம்பிக் கிடக்கும். பழுது என்றுதான் நினைத்தேன். பிறகு வயரிங் பெடியன் மீற்றர் பிடித்துக் காட்டினான், 190 வோல்ற். எங்கள் ஒழுங்கை லைனின் வால் பக்கம், பின்னேரம் எல்லா வீட்டிலும் ரிவியும் தண்ணீர் மோட்டரும் ஓடும்போது வோல்ற் இறங்கிவிடுகிறது. இறங்குவது ஆறில் ஒரு பங்குதான், ஆனால் சூடு வோல்ற்றின் வர்க்கத்தோடு போவதால் 1600 வோற் அவன் அப்போது 1100 வோற்றுக்கும் குறைவாகத்தான் வேலை செய்யும். ஓ-எல் வகுப்பு விஞ்ஞானத்தில் படித்தது, அப்போது ஏன் படிக்கிறோம் என்று தெரியவில்லை. ஆகவே சீஸ் மேலே பொன்னிறமாக வரவில்லை என்று அவனைத் திட்டுவதற்கு முன்பு நேரத்தைப் பாருங்கள். நான் இப்போது மத்தியானத்தில் முக்கால்வாசி சுட்டு வைத்துவிட்டு, இரவு சாப்பாட்டுக்கு முன்பு மேல்நிறம் மட்டும் எடுக்கிறேன்.

சூட்டுத் திருகில் 180 பாகை என்று இருக்கும் இடத்தில் உள்ளே 180 இல்லை. அக்கா அனுப்பிய சின்ன அவன் வெப்பமானியைக் கம்பித் தட்டில் தொங்கவிட்டுப் பார்த்தேன், 160தான் காட்டியது. 200க்குத் திருகினால் 180. திருகு ஒரே மாதிரி 20 பாகை கூட்டிக் காட்டுவதால் பெரிய தொந்தரவில்லை, பழகிவிட்டது. ஆனால் பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சூடு அதிகம், கதவுக் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி என்பதால் அந்த வழியாகச் சூடு போகிறது. பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை.

நேரத் திருகு மணிக்கூடு மாதிரி ரிக் ரிக் என்று ஓடி முடிவில் ஒரு மணி அடிக்கும். ஐந்து நிமிடம் வைக்க வேண்டுமென்றால் நேரே ஐந்துக்குத் திருகக் கூடாது, முதலில் இருபதுக்கு மேல் திருகிப் பிறகு ஐந்துக்குத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சுருள் சரியாக முறுகாமல் இடையில் நின்றுவிடும். இது புத்தகத்தில் இருக்கிறது. நான் புத்தகத்தை ஒரு மாதம் கழித்துத்தான் வாசித்தேன். வாங்கியவுடன் வெறும் அவனைக் கால்மணி நேரம் முழுச் சூட்டில் ஓட விடவேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது, கம்பிகளில் பூசியிருக்கும் எண்ணெய் எரிந்து புகை வரும், யன்னலைத் திறந்து வையுங்கள். வெளிச்சுவரும் நன்றாகச் சூடாகும். பக்கத்தில் வைத்த உப்புப் போத்தல் நெளிந்து இடுப்பு ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது, இன்னமும் அதைத்தான் பாவிக்கிறோம்.

மின்சாரச் செலவு பயந்த அளவுக்கு இல்லை. மீற்றரைக் குறித்து வைத்துப் பார்த்தேன், ஒரு தட்டுக்கு ஏறக்குறைய ஓர் அலகு. சூடு வந்ததும் தானாக நின்று நின்று பற்றுவதால் முழு நேரமும் 1600 இழுப்பதில்லை. ஆனால் மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீடாக இருந்தால் கவனம், அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டண வீதமே மாறிவிடும், பிறகு சுட்ட சொதி விலையுயர்ந்த சொதி ஆகிவிடும்.

இனிச் சமையல். முதல் நான்கு தட்டும் பிழையாகிப் போனதற்கு நான் அவனைத்தான் குற்றம் சொன்னேன், ஆனால் குற்றவாளி தண்ணீர். பூக்கோவாவை அவித்து வடித்து அப்படியே தட்டில் போட்டால் அது தன் பூவுக்குள் ஒரு கிணற்றையே ஒளித்து வைத்திருக்கும். சுடும்போது அது இறங்கி, சோஸ் திரைந்தது போலத் தண்ணியாகி, மேலே சீஸ் மிதக்கும். இப்போது செய்வது: பூக்கோவாவை உப்புத் தண்ணீரில் நான்கு நிமிடம் மட்டும் விட்டு, வடித்து, சுளகில் துணி விரித்து அதன்மேல் பரப்பி மின்விசிறிக்குக் கீழே அரைமணி நேரம் வைப்பது. கரட்டும் போஞ்சியும் அப்படியே. உருளைக்கிழங்கை முக்கால் பதத்தில் அவித்து மெல்லிய வட்டமாக வெட்டித் தட்டின் அடியில் அடுக்குவேன், மிச்சத் தண்ணீர் ஏதாவது இறங்கினால் கிழங்கு குடித்துக்கொள்ளும்.

ஆறு பேர் தட்டுக்கு நடுத்தரப் பூக்கோவா ஒன்று, உருளைக்கிழங்கு 400 கிராம், கரட் 250, ஒரு கைபிடி போஞ்சி, ஒரு லீக்ஸ். இதில் கரட்டும் லீக்ஸும் நுவரெலியாப் பக்கத்திலிருந்து தம்புள்ளை வழியாக நம் சந்தைக்கு வந்து சேரும்போது வாடியும் இருக்கும், மலையில் மழை பெய்தால் விலையும் ஏறும். அதனால் பூசணிக்காய் போட்டுப் பார்த்தேன், முத்தையன்கட்டுப் பக்கத்துப் பூசணி, உள்ளே நல்ல செம்மஞ்சள். கரட்டைவிட இது திறம். ஆனால் அவிக்கக் கூடாது. துண்டுகளை எண்ணெய் பூசி அவனிலேயே இருபது நிமிடம் தனியாகச் சுட்டுவிட்டுச் சேர்க்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் போய் இனிப்பு மிஞ்சும். கத்தரிக்காயைப் பொரித்துப் போட்டால் அருமை. மரவள்ளியைத் திறந்த சட்டியில் நன்றாக அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, நடு நாரை எடுத்துப் போட்டால் உருளைக்கிழங்குக்குப் பதிலாகச் சரிவரும், கொஞ்சம் வயிற்றை அடைக்கும், அவ்வளவுதான். வெண்டிக்காயும் புடலங்காயும் வேண்டவே வேண்டாம். முதலாவது வழுவழுப்பு, இரண்டாவது திரும்பவும் கிணறு.

சோஸுக்கு பட்டர் 50 கிராம், கோதுமை மா 50 கிராம், பால் 600 மில்லிலீற்றர். பட்டர் உருகியதும் மாவைப் போட்டுப் பச்சை மணம் போகும்வரை இரண்டு நிமிடம் கிண்டி, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், ஒரேயடியாக ஊற்றினால் கட்டி விழும். கட்டி விழுந்தால் அழ வேண்டாம், தேங்காய்ப்பால் வடியில் வடித்துவிடலாம். அகப்பையின் முதுகில் ஒட்டிப் பிடிக்கும் பதம் போதும், அவனுக்குள் இன்னும் இறுகும். மிளகுத் தூள், துருவிய சாதிக்காய் ஒரு சிட்டிகை, இரண்டு பல் உள்ளி. பக்கத்து வீட்டுப் பசும்பாலில் செய்தால் பெட்டிப் பாலைவிட நல்ல ருசி, ஆனால் காலையில் கறந்த பாலை அப்போதே காய்ச்சி வைக்க வேண்டும். மத்தியானம் வரைக்கும் வெளியில் வைத்த பாலை ஒரு நாள் ஊற்றினேன், திரைந்து, அன்றைக்கு நாய்க்குத்தான் கிராத்தான். தேங்காய்ப்பாலிலும் ஒரு தடவை முயன்றேன், கொதித்ததும் எண்ணெய் பிரிந்து நின்றது. அம்மா சந்தோசமாகச் சாப்பிட்டார், ஆனால் அது வேறு ஒரு சாப்பாடு.

சீஸ்தான் இங்கே பெரிய தலையிடி. எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பது வட்டப் பெட்டியில் முக்கோணமாக அடுக்கிய சீஸ். அதைத் துருவ முடியாது, மேலே வைத்தால் முக்கோணமாகவே நின்று ஓரம் மட்டும் கறுக்கும், இழுபடாது. அதில் பாலின் புரதமும் கொழுப்பும் பிரியாமல் இருக்க ஒருவகை உப்புகளைச் சேர்த்து உருக்கி அச்சில் ஊற்றியிருப்பார்கள், அதனால்தான் அந்தக் குணம். ஆனால் அதே குணத்தால் சோஸுக்குள் போட்டால் பட்டுப் போலக் கரையும், ஆகவே இரண்டு முக்கோணம் எப்போதும் சோஸுக்கு. மேலே தூவுவதற்கு வவுனியா அல்லது கிளிநொச்சி சுப்பர்மார்க்கற்றுக்குத்தான் போக வேண்டும். செடார் ருசியும் மணமும் தரும், தனியாகப் போட்டுச் சூடு கூடினால் எண்ணெய் கக்கும். மொசரெல்லாவைச் செய்யும்போதே சுடுதண்ணீரில் இழுத்து இழுத்துப் பிசைவதால் அது நூல் நூலாக வரும், ஆனால் ருசி பச்சைத் தண்ணீர். இரண்டையும் கலந்தால் சரி, செடார் 150 கிராமுக்கு மொசரெல்லா 100. சோஸுக்குள் போடும் சீஸை அடுப்பை நிறுத்திய பிறகுதான் போட வேண்டும், கொதிக்கும்போது போட்டால் மணல் மணலாகப் பிரியும்.

வவுனியாவில் வாங்கிய சீஸை ஏ9 வீதி வெயிலில் பஸ்ஸில் கொண்டுவருவது இன்னொரு கலை. மீன்காரரிடம் வாங்கிய ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பஞ்சு) பெட்டி ஒன்றில் உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல் இரண்டோடு வைத்துக் கட்டினால் மாங்குளம் தாண்டி ஏ34இல் குலுங்கி வீடு வரும்வரை தாங்கும். பெட்டியை எத்தனை தடவை கழுவினாலும் நடத்துனர் "அக்கா, மீனோ?" என்று கேட்பார். ஆமென்று சொன்னால் பின்னால் தள்ளி வைக்கச் சொல்வார், சீஸ் என்றால் நம்ப மாட்டார்.

மாமி வெள்ளிக்கிழமை விரதக்காரர். சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையில் எடுக்கும் நொதியம் சேர்ப்பார்களாமே என்று எங்கேயோ கேட்டுவந்து, தட்டைத் தொடாமல் இருந்தார். அவர் கேட்டது உண்மைதான், பழைய முறையில் பாலைத் திரைப்பது அப்படித்தான். ஆனால் இப்போது பல சீஸ்களில் நுண்ணுயிரிலிருந்து எடுத்த நொதியத்தைப் பாவிக்கிறார்கள். பெட்டியில் சைவக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக் காட்டிய பிறகு சாப்பிட்டார், இரண்டாம் தடவையும் கேட்டார்.

பகிர்ந்து சாப்பிடுவதற்கு இது எப்படி என்பதை ஆடியில்தான் முழுதாகச் சோதித்தேன். அக்கா குடும்பம் வந்து நின்றது, அயலில் மூன்று வீட்டையும் இரவுச் சாப்பாட்டுக்குச் சொல்லியாயிற்று, மொத்தம் பதினெட்டுப் பேர். 27க்கு 16 அளவு அலுமினியத் தாள் தட்டுகள் இரண்டைக் கம்பித் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நூல் இடைவெளியில் உட்காரும் என்று கண்டுபிடித்திருந்தேன், ஒரு தடவைக்கு ஏழு பேர். மூன்று தடவை சுட வேண்டும். முதல் சோடி நன்றாக வந்தது. மேலே ரஸ்க் தூளைக் கொஞ்சம் பட்டரில் பிரட்டித் தூவியிருந்தேன், அது மொறுமொறுவென்று நின்றது. இரண்டாவது சோடி உள்ளே போய்ப் பன்னிரண்டு நிமிடம், வெளியில் சோளகக் காற்று மரங்களைப் பிடித்து உலுப்புகிறது, எங்கேயோ கொப்பு ஒன்று லைனில் விழுந்திருக்க வேண்டும், கரண்ட் போய்விட்டது.

கதவைத் திறக்காமல் கால்மணி நேரம் இருந்தேன். உள்ளே இருக்கும் சூட்டில் சோஸ் கொதித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் மேலே சீஸ் உருகி வெள்ளையாகக் கிடந்தது, பாடசாலைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி. பிள்ளைகள் ரோர்ச் வெளிச்சத்தில் கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா எழும்பி, பின்னடியில் கிடந்த பெரிய அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து விறகடுப்பில் வைத்து, அடியில் இரண்டு கை மணல், மணலுக்கு மேல் ஓட்டுத் துண்டுகள், அதற்கு மேல் என் தட்டை வைத்து, தகர மூடியால் மூடி, மூடிக்கு மேல் சிரட்டைத் தணலை அள்ளிப் போட்டார். சண்டைக் காலத்தில், கம்பி மின்சாரம் என்று ஒன்று இல்லாத வன்னியில், என் பிறந்தநாள் கேக் அந்தச் சட்டியில்தான் வெந்தது. அப்போது அதற்குச் சீனி தேடினதுதான் பெரிய கதை. ஆறு நிமிடம்தான், மூடியைத் தூக்கியபோது சீஸ் முழுக்கத் தோசைக் கரை நிறத்தில் குமிழ் குமிழாக நின்றது. மேலே இருந்து நேரே இறங்கும் சூடு, அவ்வளவுதான் விஷயம். என் அவனின் மேல் கம்பி 190 வோல்ற்றில் இருபது நிமிடம் எடுத்தும் கொடுக்காத நிறம். ஆனால் அதையும் சொல்ல வேண்டும், இரண்டாவது தட்டில் தணல் ஒரு பக்கம் கூடி ஒரு மூலை கரியாகிவிட்டது, அந்த மூலையை அத்தான் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். சாம்பல் துகளும் கொஞ்சம் விழுந்தது. மூன்றாவது சோடி, கரண்ட் வந்த பிறகு ஒன்பதரைக்கு, அப்போது பெரியவர்களில் பாதிப்பேர் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

கண்ணாடித் தட்டு வைத்திருப்பவர்கள் இந்தத் தணல் வேலையைச் செய்ய வேண்டாம், வெடிக்கும். அவனிலும் பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த கண்ணாடித் தட்டை நேரே சூட்டுக்குள் வைக்கக் கூடாது. இன்னொன்று, எடுத்தவுடன் வெட்டாதீர்கள். பத்து நிமிடம் ஆற விட்டால்தான் சோஸ் இறுகித் துண்டாக வரும். பிள்ளைகள் பத்து நிமிடம் பொறுக்க மாட்டார்கள், அது வேறு.

சரி, வாங்கலாமா? நான்கைந்து பேர் இருக்கும் வீடு, தனிச் சொக்கற் போட வசதி, பகலில் சுட நேரம், இவ்வளவும் இருந்தால் வாங்கலாம், கொடுத்த காசுக்குக் குறைவில்லை. எட்டு மாதத்தில் கம்பி ஒன்றும் போகவில்லை. கதவுச் சுருள் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, துணி ஒன்றை மடித்துச் செருகி மூடுகிறேன். உத்தரவாத அட்டையைக் கொண்டு கடைக்குப் போனேன், அது பொருளுக்குத்தான், கதவுக்கு இல்லை என்றார்கள். கதவு பொருளின் பகுதி இல்லையா என்று கேட்டேன், தம்பி சிரித்தார், நானும் சிரித்துவிட்டு வந்தேன். கோழி சுற்றும் கம்பி இன்னமும் பொலித்தீன் பையோடு அலுமாரிக்கு மேல் இருக்கிறது. கூட்டத்துக்குச் சமைப்பவர் என்றால் இதை வாங்காதீர்கள். லீற்றரைப் பார்க்காமல், உங்கள் தட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

அன்றைக்குச் சாப்பிட்ட அயல்வீட்டு மச்சாள் அதைத்தான் செய்தார். என்னுடைய கண்ணாடித் தட்டை இரவல் வாங்கி, உரப்பை ஒன்றில் சுற்றிக் கிளிநொச்சிக் கடைக்குக் கொண்டுபோய், ஒவ்வோர் அவனாகத் திறந்து தட்டை உள்ளே வைத்துப் பார்த்திருக்கிறார். கடையில் நின்ற பெடியன்கள் சிரித்தார்களாம். ஐந்தாவதில் தட்டு போய்க் கதவும் மூடியது, 48 லீற்றர், 2000 வோற், உள்ளகலம் 42. என்னுடையதைவிட 14,000 ரூபாய் கூட. இப்போது அக்காவின் தட்டு மச்சாள் வீட்டில்தான் இருக்கிறது. பத்துப் பேர் வரும் நாட்களில் நான் இங்கே மரக்கறியையும் சோஸையும் செய்து சட்டியோடு தூக்கிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து அவருடைய குசினிக்குப் போகிறேன், ரெஜிபோம் பெட்டிச் சீஸ் கக்கத்தில்.